கூரையில் ஆடிய கயிறும் அம்மா கேட்ட கேள்வியும்

இன்னைக்கு எபிசோடை என் வீட்டில் நடந்த ஒரு சின்னச் சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மா கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊரில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில். அப்பா போனதுக்கு அப்புறம் "இங்க வந்துடும்மா"ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. வர மாட்டார். போன வருஷம் ஒருநாள் காலையிலிருந்து மதியம் வரைக்கும் போனை எடுக்கவே இல்லை. மெசேஜ் ஆப்பைத் திறந்து பார்த்தால், கடைசியாக வந்த நேரம் முந்தின நாள் ராத்திரி 9.40. எனக்குக் கை கால் ஓடவில்லை. கடைசியில் பார்த்தால், போனை சார்ஜில் சொருகிவிட்டு, ஸ்விட்சைப் போட மறந்துவிட்டு, பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போயிருக்கிறார். அன்னைக்கு ராத்திரியே அவர் ஹாலில் மாட்ட ஒரு கேமரா ஆர்டர் பண்ணிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "ஏன்டா, நான் என்ன நகைக்கடையா, கேமரா வெச்சுப் பாக்க? வாசல்ல கோலம் இல்லன்னா எதிர்வீட்டுக்காரியே எட்டு மணிக்குள்ள வந்து கதவத் தட்டிடுவா." நான் விடவில்லை. பேசிப் பேசி ஒரு கட்டத்தில் அவர் இறங்கி வந்தார். "சரி, வெச்சுக்கோ. உன் வீட்லயும் ஒண்ணு வைப்பியா, நான் உன்னப் பாக்கறதுக்கு?"

அதுக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. தூரத்தில் இருக்கும் ஒருத்தர் நல்லா இருக்கிறாரா, அங்கே என்ன நடக்கிறது என்பதை, அவரைத் தொந்தரவு பண்ணாமல், நாமும் வேலையை விடாமல் எப்படி உணர்வது? முப்பது வருஷத்துக்கும் மேலாக இதுக்காகவே மண்டையை உடைத்துக்கொண்ட ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் துறைக்கு 'அவேர்னஸ் டெக்னாலஜி' என்று பெயர். விசித்திரம் என்னவென்றால், அவர்கள் கண்டுபிடித்ததில் ரொம்ப நல்ல பதில்களெல்லாம் பார்க்க பொம்மை மாதிரி இருந்தன.

கிரீச் என்று திறந்த கதவு

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரம், 1980களின் கடைசி. ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு அங்கே 'யூரோபார்க்' என்று ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே ஆபீஸ் அறைகளில் ஒரு கேமரா, ஒரு திரை, ஒரு மைக் வைத்தார்கள். யார் அறையை வேண்டுமானாலும் சில விநாடி எட்டிப் பார்க்கலாம். ஆள் இருக்கிறாரா, வேலையாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான்.

இப்போ உங்களுக்கு வருகிற அதே சந்தேகம் அவர்களுக்கும் வந்தது. யார் எப்போ பார்க்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு அறையில் எப்படி உட்கார்ந்திருப்பது?

பில் கேவர் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே இருந்தார். உளவியல் படித்தவர், சத்தங்களில் ஆர்வம் உள்ளவர். அவர் கொண்டுவந்த தீர்வு, திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி இல்லை. யாராவது உங்களை எட்டிப் பார்த்தால், உங்கள் அறையில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்கும். பார்த்து முடித்ததும் கதவு மூடும் சத்தம். அவ்வளவுதான். தலையைத் தூக்க வேண்டாம், எந்த பட்டனையும் அழுத்த வேண்டாம். ஆனா யாரோ வந்துவிட்டுப் போனார்கள் என்று காதுக்குத் தெரியும்.

சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து பப்புக்குப் போகலாமா என்பதுக்கும் ஒரு சத்தம் வைத்திருந்தார்கள். ஆட்கள் சிரித்துப் பேசும் இரைச்சல், அதுக்கு முன்னால் ஒரு கிளாஸில் பீர் நிரம்பும் சத்தம். மெயில் அனுப்பி, 'ரிமைண்டர்' போட்டு யாரையும் இழுக்கத் தேவையில்லை.

இது வெறும் குறும்பு என்று தோணலாம். ஆனா அந்தக் கதவுச் சத்தம் ஒரு நியாயத்தைக் காப்பாற்றியது: நீ என்னைப் பார்க்கலாம், ஆனா நீ பார்க்கிறாய் என்பது எனக்கும் தெரியணும்.

அதே காலத்தில் அதே கேம்பிரிட்ஜில், ஆலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தில், ராய் வான்ட்டும் அவருடைய குழுவும் 'ஆக்டிவ் பேட்ஜ்' என்று ஒன்றைச் செய்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை. 15 விநாடிக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு சிக்னல் விடும். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று ஒரு பட்டியலாகத் தெரியும். ரிசப்ஷனில் இருப்பவர் சரியான அறைக்கு போனைத் திருப்பிவிடலாம். உபயோகமான பொருள்தான். ஆனா ஊழியர்களை வேவு பார்க்கும் கருவி என்ற விமர்சனமும் கூடவே வந்தது. ஏன் என்று யோசித்துப் பாருங்க. அது துல்லியமாகச் சொன்னது, ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்னது. அதில் கதவுச் சத்தம் இல்லை.

1991இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையில், உலகப் புகழ் பெற்ற ஒரு காபிப் பாத்திரம் வந்தது. மாடி இறங்கிப் போனால் பாத்திரம் காலியாக இருக்கும் கடுப்பில், குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் அதுக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிஷத்துக்கு மூணு படம். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. உலகத்தின் முதல் வெப்கேம் என்று சொல்கிறார்கள். 2001 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். அந்தப் பாத்திரம் ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது. காபி இருக்கா இல்லையா என்பதைத் தவிர வேறெதையும் காட்டாத ஒரு கேமரா. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில் திரும்ப வருகிறேன்.

எட்டு அடி பிளாஸ்டிக் கயிறு

இப்போ அட்லான்டிக்கைத் தாண்டி கலிபோர்னியா போகலாம். பாலோ ஆல்டோ ஊரில் ஜெராக்ஸின் தலைமை ஆராய்ச்சிக்கூடமான 'பார்க்'. அங்கே மார்க் வைசர் இருந்தார். வருங்காலத்தில் கம்ப்யூட்டர் ஒரு பெட்டியாக மேஜையில் உட்கார்ந்திருக்காது, சுவரிலும் பையிலும் கதவிலும் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று 1991 செப்டம்பரில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் எழுதினார். ஆள் ஒரு டிரம்மரும்கூட. 1993இல் இணையத்தில் முதன்முதலாக நேரலையில் வாசித்த ராக் குழுவில் அவரும் ஒருத்தர்.

எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் என்று சொன்ன அதே வைசருக்கு ஒரு பயம் வந்தது. அத்தனை கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிட்டால் என்ன ஆவது? 1995இல் ஜான் சீலி பிரவுனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதுக்கு ஒரு பெயர் வைத்தார்: அமைதியான தொழில்நுட்பம்.

அந்தக் கட்டுரையின் நாயகன் ஒரு கயிறு. ஆஸ்திரேலியாவில் பிறந்த நடாலி ஜெரிமிஜென்கோ என்ற கலைஞர் அப்போ பார்க்கில் விருந்தினராக வேலை செய்துகொண்டிருந்தார். எட்டு அடி நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் கயிற்றைக் கூரையில் ஒரு சின்ன மோட்டாரில் தொங்கவிட்டார். அந்த மோட்டாரை ஆபீஸ் நெட்வொர்க் கேபிளோடு இணைத்தார். கேபிளில் டேட்டா போகப் போக மோட்டார் துளித்துளியாகத் துடிக்கும். ஆபீஸ் சும்மா இருந்தால் சில விநாடிக்கு ஒருமுறை கயிறு லேசாக அசையும். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கினால் விர்ரென்று சுழலும், சத்தமும் வரும். யாரும் உபயோகிக்காத ஒரு நடைபாதை மூலையில் அது தொங்கியது. பல அறைகளிலிருந்து பார்க்கலாம், கேட்கலாம்.

நெட்வொர்க் நெரிசலைத் திரையில் ஒரு கிராஃபாகக் காட்டியிருக்கலாம், நம்பராகவே சொல்லியிருக்கலாம். ஆனா கிராஃபைப் பார்க்கணும்னா, செய்கிற வேலையை விட்டுவிட்டு அதைப் பார்க்கப் போகணும். கயிறு அப்படி இல்லை. பக்கத்து ரூமில் போன் பேசிக்கொண்டே குக்கர் எத்தனை விசில் விட்டது என்று நமக்குத் தெரியும், இல்லையா? எண்ணுவதில்லை, ஆனா தெரியும். கயிறும் அந்த மாதிரிதான். கவனத்தின் ஓரத்தில் கிடக்கும். தேவைப்பட்டால் நடுவுக்கு வரும். வேலை முடிந்ததும் ஓரத்துக்கே போய்விடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. அந்தக் கயிறு யார் எதை டவுன்லோட் பண்ணுகிறார் என்று சொல்லாது. அதுக்கு அது தெரியவே தெரியாது. 'இங்கே எல்லோரும் மும்முரமாக இருக்கிறார்கள்' என்பது மட்டும்தான் அதுக்குச் சொல்லத் தெரியும்.

வைசர் 1999இல் இறந்துபோனார். வயது 46தான். ஸ்மார்ட்போன் காலத்தை அவர் பார்க்கவில்லை.

ஒரு இறகு, ஒரு பாட்டில்

ஆபீஸ் போதும். வீட்டுக்கு வருவோம். கதவுச் சத்தம் வைத்த அதே பில் கேவர், 1996இல் ராப் ஸ்ட்ராங் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து சில பொருட்களை முன்வைத்தார். ஊரை விட்டுப் போயிருக்கும் ஒருத்தரும் வீட்டில் இருக்கும் அவர் துணையும்தான் கதை. பயணம் போனவரிடம் ஒரு போட்டோ ஃப்ரேம் இருக்கும். வீட்டில் ஒரு கண்ணாடிக் கூம்பு, அதுக்குள் ஒரு இறகு. வெளியூரில் அவர் அந்தப் போட்டோவைக் கையில் எடுத்தால், வீட்டில் ஒரு சின்ன ஃபேன் ஓடி, இறகு மெல்ல மேலே எழும்பி மிதக்கும்.

அதில் எந்தச் செய்தியும் இல்லை. எப்போ வருவாய், சாப்பிட்டாயா எதுவும் இல்லை. 'இந்த நிமிஷம் உன் நினைப்பு வந்தது' என்பது மட்டும்தான். இன்னொரு மாதிரியில் இறகுக்குப் பதில் வாசனை வரும். மூணாவது ஒரு ஜோடி: இங்கே ஒன்றைக் குலுக்கினால் அங்கே இன்னொன்று குலுங்கும்.

அமெரிக்காவில் எம்ஐடி மீடியா லேபில் ஹிரோஷி இஷி இதே பாதையில் போய்க்கொண்டிருந்தார். டேட்டா ஓடும்போது சுழலும் காகிதக் காற்றாடி மாதிரியான பொருட்கள், கூரையில் நெளியும் நீரலைகள் என்று அவர் குழு வரிசையாகச் செய்து பார்த்தது. அவருடைய கதைகளில் என்னை உட்கார வைத்தது ஒரு பாட்டில்.

இஷியின் அம்மா ஜப்பானில் இருந்தார். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை. ஆனா வாழ்நாள் முழுக்க சமையலறையில் சோயா சாஸ் பாட்டிலைத் திறந்தவர். அதனால் இஷி இப்படி யோசித்தார்: அம்மாவுக்கு ஒரு வானிலை பாட்டில் செய்து தரலாம். மூடியைத் திறந்தால் பறவைச் சத்தம் கேட்டால் நாளைக்கு வெயில், மழைச் சத்தம் கேட்டால் மழை. மவுஸ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், கையேடு வேண்டாம். அவர் கைக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை.

அதைச் செய்து கொடுப்பதுக்கு முன்னால் அம்மா இறந்துவிட்டார். அந்த யோசனை பிறகு இசை பாட்டில்களாக மாறியது. மேஜையில் கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியம். மூடியைத் திறந்தால் இசை வெளியே வரும், மூடினால் நிற்கும். கண்காட்சிகளில் ஆயிரம் பேர் ரசித்திருப்பார்கள். யாருக்காக யோசித்தாரோ அவர் திறக்கவே இல்லை. இந்த இடத்தில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு நான் ஊருக்கு போன் பண்ணினேன். அம்மா "என்னடா, இந்த நேரத்துல?"ன்னார். ஒண்ணும் இல்லைன்னு சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த கட்டத்தில் இந்த யோசனைகள் நிஜ வீடுகளுக்குள் போயின. 2001இல் ஜப்பானின் ஜோஜிருஷி நிறுவனம் ஒரு வெந்நீர்க் கெட்டிலை விற்க ஆரம்பித்தது. அங்கே வயதானவர்கள் நாள் முழுக்க டீ போடுவார்கள். கெட்டிலை எப்போ உபயோகித்தார் என்ற தகவல் ஒரு நாளைக்கு இரண்டு முறை பிள்ளைக்கு மெயிலாகப் போகும். அதே வருஷம் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் எலிசபெத் மைனட்டின் குழு பாட்டியின் போட்டோவுக்கு ஒரு டிஜிட்டல் சட்டம் செய்தது. சட்டத்தைச் சுற்றிப் பட்டாம்பூச்சிகள். பாட்டி வீட்டில் நடமாட்டம் அதிகமான நாளுக்குப் பெரிய பட்டாம்பூச்சி, குறைவான நாளுக்குச் சின்னது. பேரன் தன் வீட்டுச் சுவரில் அதைப் பார்த்துக்கொண்டே நடப்பான். பாட்டி நைட்டியில் இருக்கிறாரா, தலை வாரியிருக்கிறாரா, யாருக்கும் தெரியாது.

நேர்மையாகச் சொல்லணும்னா, இந்த இரண்டிலும் ஒரு குறை இருக்கு. கெட்டில் பிள்ளைக்குச் சொல்கிறது. பட்டாம்பூச்சி பேரனுக்குச் சொல்கிறது. பெரியவருக்கு யார் என்ன சொல்வது? என் அம்மா கேட்ட அதே கேள்வி.

செத்துப்போன முயல்கள்

அந்தக் கேள்விக்கு ஒரு முயல் பதில் சொன்னது. 2005இல் பாரிஸில் ரஃபி ஹலாஜியானும் ஓலிவியே மெவெலும் 'நபாஸ்டாக்' என்ற வெள்ளை பிளாஸ்டிக் முயலை வெளியிட்டார்கள். அர்மீனிய மொழியில் முயலுக்கு அந்த மாதிரிதான் பெயர். வைஃபையில் இணையும், விளக்கு மினுக்கும், மெயில் வந்தால் சொல்லும், வானிலை சொல்லும். ஆனா அதோட அழகு காதில் இருந்தது. இரண்டு முயலுக்குக் 'கல்யாணம்' பண்ணி வைக்கலாம். ஒரு வீட்டில் நீங்கள் முயலின் காதைத் திருப்பினால், இன்னொரு ஊரில் இருக்கும் ஜோடி முயலின் காதும் அதே மாதிரி திரும்பும். அங்கிருந்து அவர் திருப்பினால் இங்கே திரும்பும். இரண்டு பக்கமும் சமம். இடது காது சாய்ந்தால் என்ன அர்த்தம் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

2009இல் நிறுவனம் திவாலானது. வேறொரு நிறுவனம் வாங்கியது. 2011இல் சர்வரை நிறுத்திவிட்டார்கள். அன்னைக்கு ஐரோப்பா முழுக்க மேஜைகளில் இருந்த முயல்களின் காது நின்றுபோனது. பொருள் கெடவில்லை, நடுவில் இருந்தவர் போய்விட்டார். அப்புறம் ஆர்வலர்கள் தாங்களே சர்வர் எழுதினார்கள். சில வருஷம் கழித்து, உருவாக்கியவர்களே வயிற்றுக்குள் ராஸ்பெர்ரி பை வைத்து, எந்த நிறுவனத்து சர்வரும் இல்லாமல் ஓடும்படி ஒரு மாற்றுப் பலகை கொண்டுவந்தார்கள்.

இதெல்லாம் நடக்கும்போதே நம்ம கைக்கு ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. பச்சைப் புள்ளி, இரட்டை டிக், கடைசியாக வந்த நேரம், 'டைப் செய்கிறார்'. இவையும் அவேர்னஸ் டெக்னாலஜிதான், அதே குடும்பம்தான். ஆனா இறகு எங்கே, இது எங்கே?

வித்தியாசம் அழகில் மட்டும் இல்லை. இறகை வைத்து யாரும் யாரிடமும் சண்டை போட முடியாது. "நேத்து சாயங்காலம் உன் இறகு ஏன் கம்மியா பறந்துச்சு?" என்று கேட்டால் சிரிப்பு வரும். "9.40க்கு ஆன்லைன்ல இருந்தியே, ஏன் ரிப்ளை பண்ணல?" என்று கேட்டால் அது விசாரணை. துல்லியமான நேரம் சாட்சியாகிவிடுகிறது. கயிறும் இறகும் முயல் காதும் மங்கலாகச் சொன்னதால், மிச்சத்தை நம்பிக்கையால் நிரப்ப வேண்டியிருந்தது. விளையாட்டுத்தனம் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை. எவ்வளவு சொல்லணும், எங்கே நிறுத்தணும் என்பதை அதுதான் முடிவு பண்ணியது.

ஒரு விஷயத்தில் மழுப்பக் கூடாது. அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் இறகு உதவாது. அதுக்கு ஒரு பட்டன், ஒரு அலாரம், பக்கத்தில் ஒரு ஆள் வேணும். அவசரத்துக்கான கருவி வேற, தினசரிக்கான கருவி வேற. நான் பண்ணின தப்பு, ஒருநாள் வந்த பயத்துக்காக அவருடைய 365 நாளையும் படம் பிடிக்கக் கிளம்பினது.

கேமராவைத் திருப்பி அனுப்பிட்டேன். எதிர்வீட்டு அக்கா நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். கோலத்தைவிட நல்ல சென்சார் அந்தத் தெருவில் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அம்மா தினமும் காலையில் ஒரு ரோஜாப் படத்தில் 'குட் மார்னிங்' எழுதினது ஒன்று அனுப்புவார். உங்க வீட்லயும் வரும், தெரியும். நான் அதை மியூட்டில் போட்டு வைத்திருந்தேன். இந்த எபிசோடுக்குப் படிக்கும்போதுதான் உறைத்தது. அதுதான் அவருடைய பட்டாம்பூச்சி. எழுந்துட்டேன், நல்லா இருக்கேன், பதில் போட வேண்டாம். நான்தான் அதை அணைத்து வைத்துவிட்டு, கேமரா வாங்கப் போயிருக்கிறேன்.

மியூட்டை எடுத்துட்டேன். அவர் கேட்ட கேள்விக்கும் ஒரு பதில் வேணும் இல்லையா? அதனால் இப்போ தினமும் காலையில் என் காபி டம்ளரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கேம்பிரிட்ஜ் பாத்திரம் மாதிரி, வேற எதுவும் தெரியாது, டம்ளர் மட்டும்தான். முதல் நாள் அம்மாவிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது.

"காபி தண்ணியா இருக்கு."

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.